ஆறினால் இறுகும்: ஓவனில் ஒரு மேக்கரோனி சீஸ்

முதன்முதலாக நான் ஓவனில் வைத்துச் செய்த மேக்கரோனி சீஸைக் கரண்டியால் அள்ள முடியவில்லை. கத்தியால் வெட்டித்தான் தட்டில் வைக்க வேண்டியிருந்தது. வெட்டிய துண்டு மைசூர்பாகைப் போல நான்கு பக்கமும் நேராக நின்றது. அதன் அடியிலிருந்து மஞ்சள் நிற எண்ணெய் மெல்லக் கசிந்து தட்டில் பரவியது. வாயில் போட்டால், வழவழப்பு இருக்க வேண்டிய இடத்தில் திரிந்த பாலைப் போலச் சிறு சிறு மணிகள் நாவில் தட்டுப்பட்டன. அரை கிலோ மேக்கரோனியும், அதற்கு ஏறக்குறைய சரியெடையாகச் சீஸும், ஒரு மாலைப்பொழுதும் அதில் போயின.

அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா அந்தத் துண்டைக் கரண்டியின் நுனியால் ஒருமுறை குத்திப் பார்த்தார். அதற்கு முன் அவர் அந்தப் பண்டத்தைக் கண்டதும் இல்லை, உண்டதும் இல்லை. இருந்தாலும் கேட்டார்: "ஆறினா இறுகும்னு தெரியாதா உனக்கு? தயிர்சாதத்துக்குப் பால் எதுக்கு விடறோம்?"

தெரியும். வழிப்பயணத்துக்குத் தயிர்சாதம் பிசைகிற எவருக்கும் தெரியும். காலையில் பிசையும்போது கூழைப் போலப் பாலை ஊற்றிக் கரைத்தால்தான் மதியம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சாதமாக இருக்கும். வெண்பொங்கலை அடுப்பிலிருந்து இறக்கும்போது கரண்டியிலிருந்து வழிந்தால்தான் இலைக்கு வரும்போது பதமாக இருக்கும். மாவுச்சத்து உள்ள எதுவும் சூட்டில் தளர்ந்தும் ஆறியபின் இறுகியும் இருக்கும் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்துவிட்டு, பெயர் வேறாக இருந்த ஒரே காரணத்தால் மேக்கரோனிக்கு அந்த விதி பொருந்தாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பரிசோதனைக்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் வட கரோலினாவின் ராலே நகருக்குக் குடிவந்த முதல் ஆண்டு அது. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நவிலும் நாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்த கறுப்பின மூதாட்டி எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாது என்ற நம் வழக்கப்படி, "நான் மேக்கரோனி சீஸ் செய்து கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். கடையில் ஒரு டாலர் சில்லறைக்குப் பெட்டியில் விற்கும் பண்டம்தானே என்ற எண்ணம் எனக்கு. அமெரிக்கத் தென்பகுதியின் கறுப்பினக் குடும்பங்களில் விருந்து நாளன்று மேக்கரோனி சீஸ் செய்வது கண்டவர் கையில் கொடுக்கிற வேலை அல்ல என்பதும், பல ஆண்டுகள் கைப்பக்குவத்தைக் காட்டி நம்பிக்கை பெற்ற ஒருவரே அதைச் செய்வார் என்பதும், மேசையில் வைத்ததுமே "இதை யார் செய்தது?" என்று விசாரிக்காமல் பலர் தட்டில் எடுக்கவே மாட்டார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. நம் ஊர்க் கல்யாண வீட்டுக்கு முதன்முறையாகப் போகிற ஒருவர், சாம்பாரை நான் வைக்கிறேன் என்று சொல்வதற்கு அது சமம். மூதாட்டி சிரித்துக்கொண்டே, "கொண்டு வாருங்கள், எதற்கும் நானும் ஒன்று செய்து வைக்கிறேன்" என்றார்.

இந்தப் பண்டத்துக்கு அந்த வீடுகளில் இருக்கும் மதிப்பு நேற்று வந்தது அல்ல. சீஸும் வெண்ணெயும் அடுக்கிய மாவுப் பண்டம் 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமையல் குறிப்பிலேயே இருக்கிறது. மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய பாலாடைச் சாற்றில் மேக்கரோனியைப் புரட்டி, மேலே பார்மேசான் சீஸ் தூவிச் சிவக்க வைக்கும் முறையை எலிசபெத் ராஃபால்டு என்ற ஆங்கிலேயச் சமையல் நூலாசிரியர் 1769-இல் அச்சிட்டிருக்கிறார். ஆனால் அமெரிக்காவில் அதை அடுப்படியில் நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்கள். தாமஸ் ஜெஃபர்சன் தம் அடிமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸை 1784-இல் பாரிசுக்கு அழைத்துச் சென்று பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்தார். ஹெமிங்ஸ் தம் தம்பி பீட்டருக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிறகே 1796-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. 1801-இல் அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டு ஜெஃபர்சனின் அதிபர் மாளிகை விருந்தில் மேக்கரோனிப் பை பரிமாறப்பட்டது. அதைச் சாப்பிட்ட மனாசே கட்லர் என்ற காங்கிரஸ் உறுப்பினர், அதன் சுவை மிகவும் கடுமையாக இருந்தது, பிடிக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பள்ளிக்கூடக் கதைகளில் மேக்கரோனியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஜெஃபர்சன் என்று சொல்வார்கள். கொண்டுவந்தவர் அவர் அல்லர். சமைத்தவர் நிச்சயமாக அவர் அல்லர்.

1824-இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் வர்ஜீனியச் சமையல் நூலில் உள்ள முறை மூன்றே பொருள்களில் அடங்குகிறது: பாலும் நீரும் கலந்து வேகவைத்த மேக்கரோனி, சீஸ், வெண்ணெய், அடுக்கி, நல்ல சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். ஓவனில் வைக்கும் மேக்கரோனிக்கும் பெட்டிச் சரக்குக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்து தொடங்குகிறது. கிராஃப்ட் நிறுவனம் 1937-இல், பொருளாதார மந்தம் இன்னும் நீங்காத நாளில், நான்கு பேருக்கு 19 சென்ட் என்று சொல்லி விற்ற பெட்டியில் இருந்தது சீஸ் பொடி. அதை அடுப்பின் மேலேயே கலக்கிச் சாப்பிடலாம். அதற்குத் தனி ருசி உண்டு, என் பிள்ளைகளுக்கு இன்றும் அதுதான் பிடிக்கும். ஆனால் அதில் மேற்பரப்பின் முறுகல் இல்லை, ஓரங்களில் தீயும் நிலைக்குச் சற்று முன்பாக நிற்கும் அந்தக் கருஞ்சிவப்பு இல்லை.

அம்மா இறுகலுக்குக் காரணம் சொல்லிவிட்டார். எண்ணெய் ஏன் பிரிந்தது, மணிகள் எங்கிருந்து வந்தன என்பது மீதமிருந்தது. மறுநாள் காலை வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். "சீஸ் போடும்போது பாத்திரம் எங்கே இருந்தது?" என்று அவர் கேட்டார். அடுப்பில்தான், நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது என்றேன். "அதுதான். முதலில் இறக்கி வையுங்கள். பிறகு கொஞ்சம் பொறுங்கள். பிறகு போடுங்கள்." கடையில் துருவிய சீஸ் வாங்கினீர்களா என்று அடுத்துக் கேட்டார். ஆமாம் என்றதும் பதில் ஒன்றும் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து ஒரு துருவியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அவர் அனுபவத்தால் சொன்னதற்கு இப்படிக் காரணம் சொல்லலாம். சீஸ் என்பது கேசீன் என்ற பால்புரதம் பின்னிய வலை. வலையின் முடிச்சுகளைக் கால்சியம் பிடித்து வைத்திருக்கிறது. வலையின் கண்களுக்குள் கொழுப்பும் நீரும் அகப்பட்டிருக்கின்றன. சூடேற்றும்போது முதலில் கொழுப்பு உருகும்; செடார் போன்ற சீஸில் ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடில் வலையே தளர்ந்து குழையும். சூடு அதற்கும் வெகுவாக மேலே போனால், தளர்ந்த புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, துணியைப் பிழிவதைப் போல நீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். நீங்கள் பார்க்கும் எண்ணெய் அந்தக் கொழுப்பு. நாவில் படும் மணிகள் அந்தப் புரதம். ஒருமுறை பிரிந்துவிட்டால் கிளறிச் சேர்ப்பது மிகவும் கடினம். வெண்ணெயில் வறுத்த மைதாவைப் பாலில் கரைத்து முதலில் ஒரு சாறு செய்துகொள்வதன் நோக்கமே இதுதான்: மாவுச்சத்து புரதங்களுக்கு இடையே புகுந்து அவை கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஆயினும் அதன் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. கொதிக்கிற பாத்திரத்தில் கொட்டினால் காவல் போதாது.

துருவி விற்கும் சீஸின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்காக உருளைக்கிழங்கு மாவையோ செல்லுலோஸ் பொடியையோ அதில் தூவியிருப்பார்கள். பீட்சாவின் மேல் போட்டால் அது தெரியாது. சாற்றில் கரைத்தால் வழவழப்பைக் கெடுக்கும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதற்குப் பத்து நிமிடம் போதும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடனே துருவ வேண்டும். இளகிவிட்டால் துருவியில் அப்பிக்கொள்ளும்.

எந்தச் சீஸ் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நெடுநாள் முதிர்ந்த செடாரில் மணமும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். ஆனால் முதிர முதிரப் புரதம் சிதைந்துவிடுவதால் உருகும்போது அது எளிதில் மணிமணியாகிவிடும். இளம் சீஸ் அழகாக உருகும், சுவை மட்டும் போதாது. ஆகவே இரண்டையும் கலப்பதே நல்லது: ஐந்தில் மூன்று பங்கு முதிர்ந்த செடார், இரண்டு பங்கு மான்டெரே ஜாக் போன்ற இளம் சீஸ். மோட்சரெல்லாவை மட்டும் போட்டால் கரண்டியைத் தூக்கும்போது நூல் நூலாக இழுக்கும், படத்துக்கு அழகு, சாப்பிட ஒன்றுமில்லை. பன்னீர் போடலாமா என்று தங்கை ஒருமுறை கேட்டாள். கூடாது, பன்னீர் உருகாது. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்த பாலில் கால்சியம் நீரோடு போய்விடுகிறது, புரதங்கள் நேரடியாகப் பிணைந்துகொள்கின்றன, சூடு அவற்றைத் தளர்த்துவதில்லை. அதனால்தான் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் பன்னீர்த் துண்டு துண்டாகவே நிற்கிறது. சைவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் உறைபொருளால் செய்த சீஸும் உண்டு. இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜானோ அப்படிப்பட்டது. நுண்ணுயிர் உறைபொருளால் செய்தது என்று உறையில் எழுதியிருந்தால் கவலையில்லை.

தமிழில் இதைப் பாலாடைக்கட்டி என்று எழுதுவதுதான் முறை என்று சொல்வார்கள். பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு. சீஸ் செய்வதோ பாலை உறைய வைத்து. ஆடைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. சீஸ் என்றே எழுதுகிறேன். ஓவனை 'அவன்' என்று எழுதுவதையும் தவிர்க்கிறேன். "அவனை முன்கூட்டியே சூடேற்றவும்" என்று ஒரு குறிப்பில் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

இனிச் செய்முறை. இது நான்கு பேருக்குப் போதுமான அளவு, எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்துக்குச் சரியாக இருக்கும். வளைந்த மேக்கரோனி 250 கிராம், வெண்ணெய் 40 கிராம், மைதா மூன்று மேசைக்கரண்டி, கொழுப்பு நீக்காத பால் 700 மில்லிலிட்டர், துருவிய சீஸ் 250 கிராம், கடுகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு. மேலே தூவ ஒரு கைப்பிடி ரொட்டித்தூளும் அதைப் பிசிற ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயும் தனியே வேண்டும்.

ஓவனை 180 டிகிரி சென்டிகிரேடுக்கு, அதாவது 350 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சூடேற விட்டுவிட்டு, பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு மேக்கரோனியைக் கொட்டுங்கள். உறையில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். ஒன்றை எடுத்துக் கடித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு கீற்றுத் தெரிய வேண்டும், பல்லில் சற்றே நிற்க வேண்டும். மீதி வேக்காட்டை அது சாற்றிலும் ஓவனிலும் பெற்றுக்கொள்ளும். முழுவதும் வெந்ததைக் கொண்டு போனால் உள்ளே அது குழைந்து கூழாகிவிடும். சாற்றையும் ஒரு பொட்டு விடாமல் குடித்துவிடும். என் முதல் முயற்சியின் குற்றங்களில் இதுவும் ஒன்று.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் மைதாவைப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. பச்சை மாவின் வாசனை போய், பிஸ்கட் சுடுகிற இடத்தின் வாசனை லேசாக வந்தால் போதும். இனிப் பாலைச் சேர்க்கும்போது அவசரப்படாதீர்கள். முதல் அரைக் கிண்ணத்தை ஊற்றியவுடன் எல்லாம் சுருண்டு பந்தாகத் திரளும், கெட்டுவிட்டதோ என்று தோன்றும், கெடவில்லை. கம்பி விஸ்கால் விடாமல் அடித்து அது பசையாக இளகியபின் அடுத்த அரைக் கிண்ணம், பிறகு மீதி முழுவதும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் கட்டி தட்டுவது குறையும். கேழ்வரகுக் கூழ் கிண்டிப் பழகிய கைக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறினால் ஓரங்களில் குமிழி வரும். கரண்டியின் முதுகில் சாறு படிந்து, விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும். அதுதான் பதம்.

இப்போது இறக்கி வையுங்கள். இறக்கி வைத்துவிட்டுக் கடுகுத்தூளையும் மிளகுத்தூளையும் கலக்குங்கள்; ரொட்டித்தூளை வெண்ணெயில் பிசிறுங்கள்; துருவியைக் கழுவி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் இப்படிக் கழியட்டும். குமிழி அடங்கி, ஆவி மட்டும் எழும் நிலையில் சீஸை மூன்று தவணையாக, ஒரு தவணை முழுவதும் கரைந்தபின் அடுத்தது என்று சேர்த்து, மெதுவாகக் கலக்க வேண்டும். ஒரு பிடியை மேலே தூவுவதற்கு ஒதுக்கிவிடுங்கள். உப்பை இதற்குப் பிறகே சரிபார்க்க வேண்டும், ஏனெனில் சீஸிலேயே உப்பு நிறைய இருக்கிறது.

வடித்த மேக்கரோனியை இந்தச் சாற்றில் கொட்டிக் கலக்கும்போது எவருக்கும் ஐயம் வரும். சாறு மிகுதியாகத் தெரியும். மேக்கரோனி அதில் மிதப்பது போல இருக்கும், பாத்திரத்தைச் சாய்த்தால் மூலையில் தேங்கும். இன்னும் கொஞ்சம் சீஸைப் போட்டுக் கெட்டியாக்கலாமா, கொஞ்ச நேரம் அடுப்பில் வைத்துச் சுண்டவிடலாமா என்று கை பரபரக்கும். வேண்டாம். தயிர்சாதத்துக்கு விட்ட பாலை நினைத்துக்கொண்டு அப்படியே வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். கவனியுங்கள், ஊற்ற வேண்டும். அள்ளி வைத்து அமுக்குகிற பதத்தில் இருந்தால் அது ஏற்கெனவே கெட்டி, அரைக் கிண்ணம் சூடான பால் விட்டுத் தளர்த்துவது நல்லது.

மேலே ஒதுக்கி வைத்த சீஸ், அதற்கு மேல் ரொட்டித்தூள். ஓவனின் நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம். ஓரங்களில் கொதிப்பு தெரிந்து, மேற்பரப்பு பொன்னிறமானால் எடுத்துவிடலாம். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்தவை. மேலே சிவக்க வைப்பதற்கு மட்டுமே ஓவன். நான் முதல் நாள் 45 நிமிடம் வைத்திருந்தேன், இன்னும் நன்றாக வேகட்டும் என்று. வெளியே எடுத்தபின் பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நீர்த்திருந்த சாறு மேக்கரோனியைப் பற்றிக்கொண்டு, கரண்டியால் எடுத்தால் குவியலாக நின்று பிறகு மெல்லச் சரிகிற பதத்துக்கு வருகிறது.

பச்சை மிளகாய், கரம் மசாலா, தக்காளி, குடமிளகாய் எல்லாம் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வெங்காயமும் தக்காளியும் வதக்கி மசாலாவோடு கிளறும் மேக்கரோனி நம் வீடுகளில் மாலைச் சிற்றுண்டியாக ஏற்கெனவே இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வேறு பண்டம். இதில் சீஸின் சுவைக்கு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. கடுகுத்தூள்கூடக் கடுகாகத் தெரியக் கூடாது, சீஸின் காரத்தைச் சற்றுத் தூக்கிக் கொடுத்தால் போதும். தக்காளியின் புளிப்பும் நீரும் சாற்றைத் திரித்துவிடும் அபாயமும் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் தங்கை இதை ஓ.டி.ஜி. என்னும் சிறு மின் ஓவனில் செய்கிறாள். அங்கே எளிதாகக் கிடைப்பது அமுல் போன்ற பதப்படுத்திய சீஸ். அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. புரத வலையிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் உப்புகள் அதில் சேர்ந்திருப்பதால் அது பிரியவே பிரியாது. சூட்டில் கை தவறினாலும் மன்னித்துவிடும். நானே என் செடாரோடு ஒரு துண்டு பதப்படுத்திய சீஸைச் சேர்ப்பது உண்டு. அதிலுள்ள உப்பு மற்ற சீஸையும் பிரியாமல் காக்கும். உப்பைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிறிய ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி பாத்திரத்துக்கு மிக அருகில் இருக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகு அதன் முன்னிருந்து நகராதீர்கள்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பாத்திரங்களும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருடையது வெள்ளைச் சாறு இல்லாத முறை; முட்டையும் டின்னில் வரும் இனிப்பில்லாத கெட்டிப்பாலும் அடித்து ஊற்றி, சீம்பால் கட்டியைப் போலத் துண்டாக நிற்கும்படி செய்தது. ஆக, துண்டாக நிற்பதே குற்றம் அல்ல. அவருடையது நின்றும் நாவில் கரைந்தது. அவருடைய மகன் என் பாத்திரத்தைக் காட்டி இதை யார் செய்தது என்று தாயிடம் கேட்டதும், அவர் என் பக்கம் கை காட்டியதும், அந்த ஆள் ஒரு கணம் யோசித்துவிட்டு ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டதும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. சற்று நேரம் கழித்து இரண்டாவது கரண்டிக்கு அவர் வந்ததையும் பார்த்தேன். அவர் தாயின் பாத்திரம் காலியானபோது என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அதில் வருத்தம் ஏதும் இல்லை. முட்டை சாப்பிடாத அம்மாவுக்கு அந்த மேசையில் கைவைக்க முடிந்த சூடான பண்டங்களில் அதுவும் ஒன்று.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் வைத்தோம். மறுநாள் அது கல்லாகத்தான் இருந்தது. எப்படிச் செய்தாலும் குளிர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, குறைந்த சூட்டில் வைத்தால் ஏறக்குறைய பழைய நிலைக்கு வரும். அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. கத்தியால் பட்டையாக ஒரு துண்டு வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் போட்டு, அதன் வெண்ணெயிலேயே இரு புறமும் சிவக்கவிட்டு, நார்த்தங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு போடச் சொன்னேன்.